நாலஞ்சு பேர் சேர்ந்து நிலம் வாங்கலாமா? கூட்டுச் சொத்து எங்கே நிற்கும், எங்கே சிக்கும்?

“நாலஞ்சு பேரா சேர்ந்து ஊர்ப்பக்கம் மூணு ஏக்கர் போட்டுடலாம்டா.” பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் சேலம், நாமக்கல் பசங்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் பேச்சு இது. தனியாக வாங்கக் காசு பத்தாது. சேர்ந்தால் ஒரு கிணறு, பத்துத் தென்னை, வார இறுதிக்கு ஒரு ஓட்டு வீடு என்று கனவு கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்துவிடும். சிலருக்கு ஆசை இன்னும் பெரிது. நிலம் எல்லோருக்கும் பொது, முடிவெல்லாம் கலந்து பேசி, விளைச்சல் பங்கு என்று ஒரு குட்டி ஊரையே கட்ட நினைக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் விவசாய நிலம் வாங்க ஒருவர் விவசாயியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதனால் வாங்குவது சுலபம். சிக்கல் பிறகுதான் வரும். ஒருத்தருக்குத் தங்கச்சி கல்யாணச் செலவு வரும், இன்னொருத்தருக்குக் கனடா விசா வரும். ஒருத்தர் தென்னை வைக்கலாம் என்பார், மற்றவர் மரவள்ளி போடலாம் என்பார். அந்த நாளில் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில்களில் சில சட்டத்திலும், சில பழைய கிணற்று மேட்டிலும், சில மகாராஷ்டிரத்தின் ஒரு சின்ன ஊரிலும் இருக்கின்றன.

பத்திரத்தில் ஐந்து பேர்: நிலம் யாருடையது?

ஐந்து பேர் பெயரில் ஒரே கிரயப் பத்திரம் என்றால் ஆளுக்கொரு மூலை சொந்தம் என்று அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு சென்ட்டிலும் ஐந்து பேருக்கும் பாத்தியம் உண்டு. ‘பிரிபடாத பாகம்’ என்பது இதுதான். யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதைப் பத்திரத்தில் எழுதாமல், வேறு ஆதாரமும் இல்லாமல் போனால், 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் எல்லோருக்கும் சம பங்கு என்றே எடுத்துக்கொள்ளும். 12 லட்சம் போட்டவரும் 4 லட்சம் போட்டவரும் அங்கே ஒன்றுதான்.

வருவாய்த் துறைப் பதிவில் இது கூட்டுப் பட்டாவாக வரும். மோட்டாருக்கு மின் இணைப்பு, சொட்டுநீர் மானியம், கடன் என்று எதற்குப் போனாலும் மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்பது வழக்கம். ஒருத்தர் துபாயில், ஒருத்தர் கோபத்தில் என்றால் ஃபைல் நகராது.

ஆனால் பங்கை விற்பதற்கு அப்படி யாரையும் கேட்க வேண்டியதில்லை. தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், ஒருவர் தன் பங்கை முகம் தெரியாத ஆளுக்கே விற்கலாம். பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். நிலத்தைச் சரியாகப் பிரிக்க முடியாத நிலை வந்தால், பாதிக்குக் குறையாத பங்கு வைத்திருப்பவர்கள் கேட்கும்போது மொத்தத்தையும் விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 1893-ம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம். உயில் எழுதாமல் ஒருத்தர் இறந்துபோனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பங்கில் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சமமாக வருவார்கள். ஐந்து கையெழுத்து ஒரே தலைமுறையில் பதினைந்தாகும்.

கூட்டுப் பட்டாவின் விசித்திரமே இதுதான். நிலத்தில் ஏதாவது செய்ய எல்லோரும் வேண்டும். அதை உடைக்க ஒருத்தர் போதும்.

கூட்டுக் கிணறு எப்படி ஓடியது?

சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காட்டு ஆட்களுக்குக் கூட்டுச் சொத்து புதுசு கிடையாது. இங்கே பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டினால், நிலத்தின் நாலெல்லைக்குப் பிறகு கிணற்றுப் பங்கு வரும். ‘கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம்’ என்பது மாதிரியான வாசகம் அது. கூடவே மோட்டார், பம்புசெட், வழித்தட பாத்தியம். அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் தண்ணீரை நாளாகப் பிரித்தார்கள். அதற்குப் பெயர் ‘முறை’.

நாலில் ஒரு பாகம் உள்ளவருக்கு நாலு நாளைக்கு ஒரு முறை. தூர் வாரும் செலவும் அதே கணக்கில். நிலத்தை விற்றால் கிணற்றுப் பங்கும் அதோடு போகும். வாங்கி வருபவர் யாராக இருந்தாலும் அவருடைய முறை எது என்பது பத்திரத்திலேயே இருக்கும். முகத்தைப் பார்த்துப் பேசாத பங்காளிகள்கூட ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்க முடிந்தது இதனால்தான். பாசம் குறைந்தாலும் முறை மாறவில்லை.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கிணற்றுப் பங்கு நிலத்தோடு ஒட்டியது. நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு அதில் இடம் இல்லை. பெண்களின் பெயர் பத்திரத்தில் வந்ததும் குறைவு. அப்புறம் தண்ணீர் கீழே இறங்கியது. நாடு முழுக்கப் போர் போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் பெற்ற திருச்செங்கோடு பக்கத்திலேயே இருந்தது. கிணறு பொதுவாக இருந்தது, போர் ஆளுக்கொன்றாக ஆனது. முறைக்குக் காத்திருக்க வேண்டிய தேவை போனது, அதோடு சேர்ந்து பேச வேண்டிய கட்டாயமும் போனது.

ஜவ்வரிசி சேர்ந்தது, கரும்பு சேர்ந்தது... நிலம்?

இந்தப் பகுதி கூட்டுறவுக்குப் பழகிய பூமி. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் சேலத்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளின் கூட்டுறவு. மோகனூரில் இருக்கிறது சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஊருக்கு ஊர் பால் சொசைட்டி உண்டு. விற்பதற்கும் அரைப்பதற்கும் சேர்ந்தவர்கள் நிலத்தை மட்டும் சேர்க்கவில்லை.

சேர்க்கச் சொல்லி டெல்லியிலிருந்து ஒரு குரல் வந்தது. 1959 ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவு முறையில் சேர்ந்து பயிரிடுவதே வருங்கால விவசாயம் என்று தீர்மானம் போட்டது. நிலத்தை ஒன்றாக்கி உழலாம், சொத்துரிமை அவரவருக்கே இருக்கும், விளைச்சலில் நில அளவுக்கு ஏற்பப் பங்கு, உழைப்பவருக்கும் பங்கு என்பது திட்டம்.

அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியவர்: ராஜாஜி. அதே 1959-ல், 80 வயதில், சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். அரசு முன்னின்று நிலத்தைச் சேர்த்தால், விவசாயிக்குத் தன் மண்ணின் மேல் உள்ள உரிமையும் அக்கறையும் போய்விடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். காங்கிரஸுக்கு உள்ளேயே சரண் சிங்கும் எதிர்த்தார். கூட்டுப் பண்ணை நாட்டில் பெரிதாக வேர் பிடிக்கவில்லை.

கிராமதானம்: நிலம் ஊருக்கு, உழவு உனக்கு

அதே காலத்தில் அரசு இல்லாமல் இன்னொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கிய பூதானம், 1952-ல் உத்தரப் பிரதேசத்தின் மங்ரோத் கிராமத்தில் கிராமதானமாக வளர்ந்தது. ஆளாளுக்குக் கொஞ்சம் நிலம் தருவதற்குப் பதில், ஊரே தன் நிலவுரிமையை ஊர்ச் சபைக்கு எழுதிக்கொடுப்பது கிராமதானம். வினோபா 1956-57-ல் தமிழ்நாட்டிலும் நடந்தார். 1958-ல் இங்கே பூதான யக்ஞச் சட்டம் வந்தது.

அந்த அலை ஓய்ந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2013-ல், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேகா என்ற ஊர் அதைக் கையில் எடுத்தது. சுமார் நூறு கோண்டு பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. 2009-லேயே சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீது சமூக உரிமை வாங்கி, 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்கும் அதிகாரத்தையும் பெற்றிருந்தது. அடுத்த படியாக, தங்கள் தனிப்பட்ட விளைநிலத்தையும் 1964-ம் ஆண்டின் மகாராஷ்டிர கிராமதானச் சட்டத்தின் கீழ் ஊர்ச் சபைக்கு ஒப்படைக்க முடிவெடுத்தார்கள்.

அப்படியானால் எல்லோரும் நிலத்தை இழந்துவிட்டார்களா? இல்லை. அந்தச் சட்டம் வேலை செய்யும் விதம் இது:

• ஊரின் நில உடைமையாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் உரிமையை ஊருக்கு ஒப்படைக்க வேண்டும்.
• ஒப்படைத்த நிலத்தில் 5 விழுக்காடு நிலமில்லாதவர்களுக்குப் போகும்.
• மீதியைக் கொடுத்தவரே உழலாம், பிள்ளைகளும் தொடர்ந்து உழலாம்.
• வெளியாளுக்கு விற்க முடியாது.
• விளைச்சல் வருமானத்தில் 2.5 விழுக்காடு ஊர்ப் பொதுநிதிக்கு.

சுருக்கமாகச் சொன்னால், உழும் உரிமை வீட்டிடம், விற்கும் உரிமை ஊரிடம். நிலத்தின் விலையைச் சந்தையிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். வெளியாள் வந்து ஒரு குடும்பத்திடம் பேரம் பேசி ஊரை உடைக்கும் வாசல் அங்கே மூடப்படுகிறது. அதற்கு விலையும் உண்டு. ரியல் எஸ்டேட் ஏற்றத்தில் அந்தக் குடும்பங்களுக்குப் பங்கு கிடையாது. இந்த விலையைக் கொடுக்க எல்லோரும் தயாராக இருப்பதில்லை. அசாம் தன் கிராமதானச் சட்டத்தை 2022-ல் ரத்தே செய்துவிட்டது.

ஒருமித்த முடிவு என்றால் எல்லோரும் ‘ஓகே’ சொல்வதா?

மேண்டா லேகாவில் ஓட்டெடுப்பு கிடையாது. ஊர்ச் சபையில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருத்தர் மறுத்தால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகும். கேட்டதும், “இப்படிப் பண்ணினா ஒரு வேலையும் நடக்காதே” என்று தோன்றும். நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. சபைக்கு வெளியே ‘படிப்பு வட்டம்’ என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தை அங்கே பேசுவார்கள், விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், வாதம் பண்ணுவார்கள். ஆனால் அங்கே முடிவெடுக்க மாட்டார்கள். தோற்றுப்போகும் பயம் இல்லாமல் பேசி முடித்த பிறகுதான் விஷயம் சபைக்கு வரும்.

கூட்டுப் பட்டாவில் மாட்டிக்கொண்டவர்களிடம் இல்லாதது இந்த இடம்தான். அங்கேயும் எல்லோருடைய சம்மதமும் தேவை. பேசுவதற்கான மேடை மட்டும் இல்லை. அதனால் ஒரு ‘முடியாது’ என்பது பேச்சின் தொடக்கமாக இல்லாமல் முட்டுக்கட்டையாக முடிகிறது.

முடிவைச் செயல்படுத்தும் சட்ட அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் முக்கியம். நம் மாநிலத்திலேயே, விழுப்புரம் மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய ஆரோவில் இதற்கு உதாரணம். 1988-ம் ஆண்டின் தனிச் சட்டப்படி அங்கே சொத்து ஆரோவில் ஃபவுண்டேஷனுக்குச் சொந்தம், தனி ஆளுக்கு நில உடைமை கிடையாது. சட்டத்திலேயே நிர்வாகக் குழுவும் உண்டு, குடியிருப்போர் சபையும் உண்டு. கலந்து பேசி முடிவெடுக்கப் பழகிய ஊரில், 2021 முதல் நகரத் திட்டச் சாலைகள் தொடர்பாகக் கடைசி வார்த்தை யாருடையது என்ற தகராறு பெரிதாகி உச்ச நீதிமன்றம்வரை போனது. கூட்டத்தில் எடுத்த முடிவுக்குக் காகிதத்தில் என்ன மதிப்பு என்பதை முதலிலேயே கேட்க வேண்டும்.

கடனும் இதே மாதிரிதான். அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1969-ல் கறுப்பின விவசாயிகளும் சிவில் உரிமைப் போராளிகளும் சேர்ந்து ‘நியூ கம்யூனிட்டீஸ்’ என்ற பொது நிலத்தை உருவாக்கினார்கள். சுமார் 5,700 ஏக்கர். அதன் பின்னணியில் இருந்த யோசனைகளில் நம் ஊர் கிராமதானமும் ஒன்று. வறட்சி வந்தபோது அவசரக் கடன் சரியான நேரத்தில் கிடைக்கவில்லை. 1985-ல் கடனுக்காக நிலமே கைவிட்டுப் போனது. பாகுபாடு காட்டப்பட்டதற்கான இழப்பீடு 2009-ல்தான் கிடைத்தது. ஒற்றுமையாக இருந்தவர்கள்தான், அடமானத்துக்கு ஒற்றுமை தெரியாது.

வாங்காமலே சேரலாமா?

சேரலாம். கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் பத்துப் பேருக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்து, பெரும்பாலும் குத்தகை நிலத்தில் பயிர் செய்கிறார்கள். பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் கேரளத்திலும் தெலங்கானாவிலும் இப்படிப்பட்ட குழுக்களைத் தனிப் பண்ணைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். கேரளத்துக் குழுக்கள் விளைச்சல் மதிப்பிலும் லாபத்திலும் தனி விவசாயிகளை முந்தியிருந்தன. தெலங்கானாவில் விளைச்சலில் அப்படி முந்தவில்லை. ஆக, சேர்வதாலேயே விளைச்சல் கூடிவிடாது. பயிற்சி, கடன், அரசின் ஆதரவு எல்லாம் சேர வேண்டும். ஆனால் குத்தகைக் குழுவுக்கு ஒரு வசதி: ஒத்துவரவில்லை என்றால் வெள்ளாமை முடிந்ததும் பிரியலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.

தமிழ்நாட்டு அரசு 2017-18-ல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டமும் நிலத்தைத் தொடவில்லை. சிறு, குறு விவசாயிகள் 100 பேர் கொண்ட குழுவுக்கு, சேர்ந்து பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. டிராக்டர் பொது, வரப்பு அவரவருடையது.

உற்பத்தியாளர் நிறுவனம் இன்னொரு வழி. விவசாயம் மாதிரியான முதல்நிலை உற்பத்தியில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கலாம். தனி உறுப்பினர்கள் மட்டும் உள்ள நிறுவனத்தில், எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நிலத்தை நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் பாகப்பிரிவினைத் தொல்லை இல்லை, உங்கள் கையில் இருப்பது பங்கு மட்டும்தான். ஆனால் அந்தப் பங்கை, நிர்வாகக் குழுவின் அனுமதியோடு, இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்பில்தான் மாற்றிக்கொடுக்க முடியும். நில விலை பத்து மடங்கு ஏறினாலும் வெளியேறுபவர் கைக்கு அது வராது. உழ நினைப்பவருக்கு இது பாதுகாப்பு. முதலீடாக நினைப்பவருக்கு ஏமாற்றம். நீங்கள் இதில் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பத்திரத்துக்கு முன் எழுத வேண்டியவை

மேலே பார்த்த எல்லாக் கதையிலும் நின்றது எது, விழுந்தது எது என்று பார்த்தால், சேர்ந்த நாளின் உற்சாகம் கணக்கிலேயே வரவில்லை. பிரிவதற்கும் முரண்படுவதற்கும் முன்பே விதி இருந்ததா என்பதுதான் தீர்மானித்திருக்கிறது. ஆகவே வக்கீலிடம் போகும் முன் உட்கார்ந்து பேச வேண்டியவை:

1. பங்கு: யார் எத்தனை விழுக்காடு என்பது கிரயப் பத்திரத்திலேயே இருக்கட்டும்.

2. வெளியேறும் விலை: விலகுபவர் முதலில் மற்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை மாதத்தில் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள்.

3. எதற்கு எல்லோரும் வேண்டும்: நிலத்தை விற்க, அடமானம் வைக்க, புது ஆளைச் சேர்க்க எல்லோருடைய சம்மதமும் வேண்டும். எந்தப் பயிர், எந்த உரம் என்பதை அங்கே இருப்பவரே முடிவு செய்யட்டும். எல்லாவற்றுக்கும் எல்லோரும் என்றால் களைகூட எடுக்க முடியாது.

4. முட்டிக்கொண்டால்: இரண்டு கூட்டம் பேசியும் தீராவிட்டால் யார் முன் போவது? எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரா, வக்கீலா? சண்டைக்கு முன்பே பெயர் எழுதுங்கள்.

5. வாரிசு: ஒருத்தர் இறந்தால் குடும்பம் உள்ளே வருமா, விலை கொடுத்து அனுப்புவதா? இந்தப் பேச்சில் மனைவி, கணவர், பெற்றோரும் இருக்கட்டும்.

6. உழைப்பு: பணம் அனுப்புபவரும் வெயிலில் நிற்பவரும் ஒன்றில்லை. நிலத்தில் இருப்பவருக்குச் சம்பளமா, விளைச்சலில் கூடுதல் பங்கா? பண்ணையத்துக்கு ஆள் வைத்தால் அவருக்கும் லாபத்தில் இடம் உண்டா?

ஆறாவது கேள்வியில்தான் நண்பர்கள் குழு அதிகம் தடுமாறும். ஏனென்றால் அதில் காசைவிட மரியாதை அதிகம்.

இதையெல்லாம் பேச ஆரம்பித்தாலே நாலு பேரில் ஒருத்தர் நழுவிவிடுவார் என்ற பயம் நியாயமானது. நழுவட்டும். பத்திரத்துக்கு முன் நழுவினால் ஒரு டீக்காசு நஷ்டம், பின்னால் நழுவினால் வழக்கு. அதற்கும் முன்னால் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது. தெரிந்தவரின் காட்டில் ஒரு ஏக்கரை, எழுத்து ஒப்பந்தத்தோடு ஒரு வெள்ளாமைக்குக் குத்தகை எடுத்து நிலக்கடலை போடுங்கள். விதைக்கும் நாளில் எல்லோரும் வருவார்கள், செல்ஃபியும் எடுப்பார்கள். களை எடுக்கும் வாரத்தில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பட்டாவில் யார் யார் பெயர் போட வேண்டும் என்பது அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.